ரோல் கத்தினால் தோலைப் பாருங்கள்

கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் போகிற வழியில் ஒரு ராகி மாவு மில் இருக்கிறது. போன மார்கழியில் ஒரு நாள், காலை ஏழு மணிகூட ஆகவில்லை, அங்கிருந்து போன். மில்லை நடத்துகிற அக்காதான் பேசினார். "தம்பி, நேத்து நீங்க குடுத்த ரோலு கத்துது. நான் சொன்னா நம்ப மாட்டீங்க, நேர்ல வந்து கேளுங்க."

போய்க் கேட்டேன். நிஜமாகவே கத்தியது. ஈரக் கையால் கண்ணாடி டம்ளரைத் தேய்த்தால் கீச்சென்று ஒரு சத்தம் வருமே, அதே சத்தம், ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு தடவை. பேக்கிங் மெஷினைப் பார்த்திருக்கிறவர்களுக்குத் தெரியும், ரோலில் இருந்து வருகிற பிளாஸ்டிக் ஃபிலிம் மேலே ஏறி, சட்டைக் காலர் மாதிரி வளைத்த ஒரு எஃகுத் தகட்டின் மேல் மடங்கி, குழாயாகி, கீழே இறங்கும்போது நீளவாக்கில் ஒட்டும், மாவு விழும், குறுக்கே ஒட்டி வெட்டும். அந்தக் காலரில்தான் ஃபிலிம் பிடித்துக்கொண்டது. ஒரு கணம் நிற்கிறது, இழுவை ஏற ஏற லேசாக நீள்கிறது, பிறகு படக்கென்று விட்டு ஓடுகிறது, மறுபடி பிடிக்கிறது. விளைவு என்ன என்றால், ஒரு பாக்கெட்டில் பேர் முழுசாக இருக்கிறது, அடுத்ததில் பேர் பாதியில் வெட்டுப்பட்டு மிச்சம் அதற்கடுத்த பாக்கெட்டின் தலையில் இருக்கிறது. தரையில் அப்படி வீணானவை ஒரு கூடை.

நான் ஃபிலிம் ஊதுகிற, அதாவது உருக்கிய பிளாஸ்டிக்கைக் காற்றடித்து மெல்லிய படலமாக்குகிற, ஒரு சின்ன யூனிட்டில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். பதினோரு வருஷமாக இதே வேலை. அந்தக் காலை வரைக்கும் ஃபிலிமின் வழவழப்பை நான் கட்டைவிரலால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மடிப்பைச் சேர்த்துப் பிடித்து விரலால் நகர்த்திப் பார்ப்பது, நழுவினால் சரி. அந்த ரோலையும் அப்படிப் பார்த்துத்தான் அனுப்பினேன். கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் குளிர் விரலுக்கு எல்லாமே அப்படித்தான் தெரியும் என்று நினைத்துவிட்டேன். தப்பு என்னுடையது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது, அதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே ஊரில் புளி, மாவு, பொரி, மசாலா என்று பாக்கெட் போடுகிற எத்தனையோ பேர் இதே கத்தலைக் கேட்டுக்கொண்டு மெஷினைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் படித்த உராய்வு விதி எல்லோருக்கும் நினைவிருக்கும். எடை கூடினால் உராய்வு கூடும், தொடுகிற பரப்பு எவ்வளவு என்பது முக்கியமில்லை. 1699-இல் அமோன்டன்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் சொன்னது. பரப்பு எப்படி முக்கியமில்லாமல் போகும் என்று எனக்கு அப்போதே குழப்பம், வாத்தியாரிடம் கேட்டு அடி வாங்கவில்லை, பதிலும் வாங்கவில்லை. பதிலைச் சொன்னவர்கள் கேம்பிரிட்ஜில் இருந்த பௌடனும் டேபரும், போன நூற்றாண்டின் நடுவில். கண்ணுக்கு மட்டமாகத் தெரிகிற இரண்டு பரப்புகளைச் சேர்த்து வைத்தால் அவை எல்லா இடத்திலும் தொடுவதில்லை, மேட்டு முனைகள் மட்டும்தான் தொடுகின்றன. உண்மையில் தொடுகிற பரப்பு, நாம் பார்க்கிற பரப்பில் ரொம்பச் சின்னப் பங்கு. எடை ஏற ஏற முனைகள் நசுங்கி அந்தச் சின்னப் பங்கு வளர்கிறது. உராய்வு என்பது அந்தத் தொட்ட புள்ளிகள் ஒட்டிக்கொள்வதும், அந்த ஒட்டலை அறுத்துக்கொண்டு நகர வேண்டியிருப்பதும். ஆக இரண்டே கேள்வி. நிஜமாக எவ்வளவு இடம் தொடுகிறது? தொட்ட இடத்தை அறுக்க எவ்வளவு பலம் வேண்டும்?

இந்த இரண்டு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பாலித்தீன் ஃபிலிமைப் பாருங்கள். அது மெத்தென்ற பொருள். பளபளவென்று ஊதியிருந்தால் மேடு பள்ளமும் குறைவு. மெத்தென்று இருப்பதால் லேசாக அழுத்தினாலே நன்றாகப் படிந்துவிடும், தொடுகிற இடம் ஏகத்துக்கு அதிகமாகும். அதனால் ஒன்றும் சேர்க்காத சுத்த பாலித்தீன் ஃபிலிம், பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தாலும், ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் நகரவே அடம்பிடிக்கும். மளிகைக் கடையில் அண்ணாச்சி கவரின் வாயைப் பிரிக்க முடியாமல் விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பாரே, அது இந்தப் படிவுதான். எங்கள் தொழிலில் பிளாக்கிங் என்போம்.

மழமழவென்று இருந்தால் வழுக்கும், சொரசொரப்பாக இருந்தால் பிடிக்கும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். ஃபிலிமில் அது பெரும்பாலும் தலைகீழ். அதனால்தான் ஆன்டிபிளாக் என்று நைசான சிலிக்காப் பொடியையோ டால்க்கையோ கலந்து ஊதுகிறோம். அந்தத் துகள்கள் ஃபிலிமின் மேல் கண்ணுக்குத் தெரியாத முண்டுமுண்டாக நிற்கும், மேலே வருகிற இன்னொரு ஃபிலிம் அந்த முண்டுகளின் மேல் உட்காரும், நடுவில் காற்று புகுந்துகொள்ளும். வீட்டில் அப்பளம் தேய்த்து அடுக்கும்போது பாட்டி நடுவில் மாவு தூவுவார், கை தானாகச் செய்கிற வேலை. அதே வேலைதான். ஆனால் அளவு கூடினால் ஃபிலிம் மங்கிவிடும், உள்ளே இருக்கிற சரக்கு பளிச்சென்று தெரியாது, வாங்குகிறவர் முகம் சுளிப்பார்.

மாவு தூவினால் ஒட்டாது, சரி, ஆனால் காலரில் ஓட அது போதாது. ஓடுவதற்கு ஸ்லிப் வேண்டும், அதாவது குருணையோடு கலக்கிற ஒரு வழுக்குப் பொருள்.

இந்த ஸ்லிப் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பெரும்பாலும் எருகாமைடு, இல்லையென்றால் ஒலியமைடு. எருகாமைடு வருவது எருசிக் அமிலத்திலிருந்து, அது கடுகு இனத்துச் செடிகளின் விதை எண்ணெயில் இருக்கிற சமாச்சாரம். 22 கார்பன் நீளமுள்ள ஒரு வால், நுனியில் அமைடு என்கிற ஒரு தலை. ஒலியமைடுக்கு 18 கார்பன். இதைப் பிளாஸ்டிக் குருணையோடு கலந்து உருக்கினால் உருகிய பிளாஸ்டிக்கில் கரைந்துவிடும். ஊதி, ஆறி, பாலித்தீன் உறையத் தொடங்கும்போது, ஒழுங்காக அடுக்கிக்கொள்கிற படிகப் பகுதிக்குள் இந்த அமைடுக்கு இடமில்லை. ஒழுங்கில்லாத பகுதியில் நெருக்கடி. அங்கிருந்து மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து மேற்பரப்புக்கு வந்து சேர்கிறது. வந்ததும் தலைகள் எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள, வால்கள் அறுவடைக்கு நிற்கிற ராகிப் பயிர் மாதிரி வெளியே நிமிர்ந்து நிற்கும். அப்படி ஒரு அடுக்கு, அதன் மேல் இன்னொரு அடுக்கு. ஃபிலிமின் தோல் என்று நான் சொல்வது இதைத்தான். கனம் சில நானோமீட்டர், ஃபிலிமின் கனத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான் இருக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் அதுதான் தீர்மானிக்கிறது.

ஏன் என்றால் பௌடன், டேபர் சொன்ன இரண்டு கேள்விக்குத் திரும்புங்கள். கெட்டியான அடித்தளத்தின் மேல் மெல்லிய மெத்தென்ற படலம் இருந்தால் உராய்வு வெகுவாகக் குறையும் என்று அவர்கள் உலோகத்தை வைத்தே காட்டியிருக்கிறார்கள், எஃகின் மேல் இண்டியம் பூசி. எடையைத் தாங்குவது கீழே இருக்கிற கெட்டிப் பொருள், அதனால் தொடுகிற இடம் அதிகமாவதில்லை. அறுபடுவது மேலே இருக்கிற மெல்லிய படலம், அதனால் பலம் அதிகம் வேண்டியதில்லை. அமைடு அடுக்கும் அதைத்தான் செய்கிறது. காலர் எஃகு பாலித்தீனைத் தொடுவதே இல்லை, இந்த வால்களின் மேல்தான் சறுக்கிக்கொண்டு போகிறது. சும்மா இருந்தால் 0.5-க்கு மேல் இருக்கிற உராய்வுக் கெழு (அழுத்துகிற எடையில் எத்தனை பங்கு இழுவை வேண்டும் என்கிற எண்), நல்ல ஸ்லிப் மேலே வந்தபின் 0.2-க்குக் கீழே இறங்கிவிடும். 100 கிலோ குருணைக்கு 100 கிராம் அமைடு, அதற்கே இந்த மாற்றம்.

ஆனால் "மேலே வந்தபின்" என்று எழுதினேன் பாருங்கள், என் ரோல் கத்தியதற்குக் காரணம் அந்தச் சொல்லில்தான் இருந்தது. ஊதி முடித்த அன்றைக்கே அமைடு மேலே வந்துவிடாது. மணிக்கணக்கு ஆகும், பல சமயம் நாள்கணக்கு. குளிராக இருந்தால் இன்னும் மெதுவாக நகரும். அந்த ரோலை ஊதியது, அக்காவுக்குக் கொடுத்ததற்கு முந்தின நாள் மாலை. பிரிண்டிங் முடித்து, மார்கழிப் பனியில் திறந்த ஷெட்டில் ராத்திரி கிடந்து, விடிகாலையில் வண்டி ஏறிவிட்டது. வழுக்க வேண்டிய பொருள் இன்னும் வழியில்தான் இருந்தது. நான் விரலால் தொட்டுப் பார்த்தது தோல் வளராத ஃபிலிமை.

இது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. எங்கள் யூனிட்டில் எல்லோருக்கும் தோன்றியது ஒன்றுதான், ஸ்லிப் பத்தவில்லை, கூட்டு. அமைடைச் செறிவாகக் கலந்து வருகிற குருணைக்கு மாஸ்டர்பேட்ச் என்று பேர், எங்களுடையதில் 5 சதவீதம் அமைடு. 100 கிலோவுக்கு 2 கிலோ போட்டுக்கொண்டிருந்தோம், அதாவது 1000 பிபிஎம், பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு. அதை 5 கிலோ ஆக்கினோம். 2500 பிபிஎம். புது ரோல் போனது, முதல் நாளே அருமையாக ஓடியது, அக்கா போன் பண்ணிச் சந்தோஷமாகப் பேசினார். நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாவது வாரம் மறுபடி போன். இந்த முறை கத்தல் இல்லை. ஓடுகிறது, ரொம்பவே ஓடுகிறது. அடுக்கி வைத்த பாக்கெட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று நிற்காமல் சரிகின்றன. மெஷின் உருளைகளில் விபூதி மாதிரி வெள்ளைப் பொடி. செல்லோடேப் ஒட்டி எடுத்தால் மை கையோடு வருகிறது. சில பாக்கெட்டில் ஒட்டு பிரிந்து மாவு கொட்டியிருக்கிறது. எங்கள் கிடங்கில் மிச்சம் இருந்த ரோல்களைப் போய்ப் பார்த்தேன். ஒன்று உருட்டி வைத்த நிலையிலேயே நடுப்பகுதி பக்கவாட்டில் தொலைநோக்கிக் குழாய் மாதிரி நீண்டுகொண்டு நின்றது. கூட்டிப் போட்ட அமைடு மொத்தமும் நிதானமாக மேலே வந்து சேர்ந்திருந்தது.

மை ஏன் உரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிரிண்டிங் பண்ணுகிறவர்களுக்கும் எங்களுக்கும் நிரந்தரச் சண்டை இதில்தான். ஒரு பரப்பு தன் மேல் விழுகிற திரவத்தை எவ்வளவு பரவவிடும் என்பதைப் பரப்பு ஆற்றல் என்போம், பாலித்தீனுக்கு அது சென்டிமீட்டருக்குச் சுமார் 31 டைன். அதில் மை பரவாது, முத்து முத்தாகத் திரளும். அதனால் டிரீட்டர் என்கிற கருவியில் மின்பொறி பாய்ச்சி மேற்பரப்பை லேசாக ஆக்சிஜன் ஏற வைத்து 38-க்கு மேல் கொண்டுவருவோம். அந்த அளவைச் சோதிக்கிற டைன் பேனாவால் கோடு இழுத்தால் கோடு உடையாமல் நிற்க வேண்டும். அப்படி ஏற்றிய பரப்பின் மேல் பின்னாலேயே அமைடு வந்து படிந்தால் அது மறுபடி எண்ணெய்த் தோல் ஆகிவிடும். இன்னொரு பக்கம், டிரீட்டரை அதிகமாக வைத்தால் அந்தப் பக்கத்தின் உராய்வு ஏறும். ஆக்சிஜன் ஏறிய இடம் அமைடின் தலையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதோடு மின்பொறி பட்ட இடத்தில் பாலிமர்ச் சங்கிலிகள் அறுந்து நுனிகள் அதிகமாகும். அறுந்த நுனி அதிகமானால் என்ன ஆகும் என்பதை இஸ்ரேலாச்விலி என்ற விஞ்ஞானியின் குழுவினர் 2002-இல் மெல்லிய பாலிமர் படலங்களை வைத்துக் காட்டினார்கள். சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துவிட்டால் உராய்வு குறைந்தது, அறுத்துவிட்டால் நன்றாக ஏறியது. தளர்ந்த நுனிகள் எதிர்ப்பக்கத்துக்குள் நுழைந்து பின்னிக்கொள்கின்றன, அறுவடைக் கட்டுகள் இரண்டை அழுத்தி வைத்தால் தாள்கள் கோத்துக்கொள்கிற மாதிரி. அவர்களுடைய படலம் பாலித்தீன் இல்லை, பாலிஸ்டைரீன் வகை, ஆனாலும் டிரீட்டரின் பவரைக் கூட்டும்போதெல்லாம் எனக்கு அந்தச் சோதனைதான் நினைவுக்கு வருகிறது.

உராய்வு ஒரு பொருளின் குணம் இல்லை, ஜோடியின் குணம். "இந்த ஃபிலிமுக்கு எத்தனை?" என்று கேட்கிறார்கள், எதோடு என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். காலரில் ஓட ஃபிலிமுக்கும் எஃகுக்கும் நடுவில் உள்ளது வேண்டும். அடுக்கி வைத்தால் சரியாமல் இருக்க ஃபிலிமுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் உள்ளது வேண்டும். முதலாவது குறைவாக, இரண்டாவது ரொம்பக் குறையாமல். அக்காவுக்கு நான் முதலில் கொடுத்தது முதலாவதில் தோற்றது, இரண்டாவது கொடுத்தது இரண்டாவதில் தோற்றது. தொப்பூர் கணவாயில் இறங்குகிற லாரியில் இந்தப் பாக்கெட் மூட்டைகள் சரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்து அன்றைக்கு எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அதன்பிறகுதான் அளக்க ஆரம்பித்தேன். முறையான அளவு ஏஎஸ்டிஎம் டி1894 என்கிற சோதனைத் தரம். 200 கிராம் எடையுள்ள, பக்கத்துக்கு 63.5 மில்லிமீட்டர் சதுரக் கட்டையில் ஃபிலிமைச் சுற்றி, இன்னொரு ஃபிலிமின் மேல் வைத்து நிமிஷத்துக்கு 150 மில்லிமீட்டர் வேகத்தில் இழுப்பார்கள். நகர ஆரம்பிக்க 60 கிராம் இழுவை தேவைப்பட்டால் நிலை உராய்வு 0.3, நகரும்போது 40 கிராம் போதுமென்றால் இயக்க உராய்வு 0.2. இந்த இரண்டுக்கும் நடுவில் இடைவெளி பெரிதாக இருந்தால்தான் ஃபிலிம் நின்று நின்று ஓடும், கத்தும். அந்த மெஷின் எங்களிடம் இல்லை, வாங்குகிற நிலையிலும் நாங்கள் இல்லை. ஆனால் சாய்வுப் பலகை போதும். ஒரு வழவழப்பான பலகை, ஒரு முனையில் கீல், என் பையனின் கோணமானி. பலகையில் ஃபிலிமைச் சுருக்கம் இல்லாமல் ஒட்டி, கட்டையிலும் ஃபிலிமைச் சுற்றி வைத்து மெதுவாகத் தூக்க வேண்டும். கட்டை நகர்கிற கோணத்தின் டேஞ்சன்ட்தான் நிலை உராய்வுக் கெழு. 11 டிகிரியில் நகர்ந்தால் 0.2 பக்கம், 17 என்றால் 0.3, 27 என்றால் 0.5. எஃகோடு பார்க்க வேண்டும் என்றால் பலகையின் மேல் பளபளப்பான எஃகுத் தகடு. ஃபிலிமின் மேல் விரலே படக்கூடாது, விரல் எண்ணெய் ஒன்று போதும் எல்லாவற்றையும் கெடுக்க. ஓரத்தைப் பிடித்துத்தான் வெட்டுவேன்.

பழைய அளவுக்கே, 1000 பிபிஎம்முக்கே, திரும்பிப் போய் ஒரு ரோல் ஊதி, தினமும் காலையில் ஒரு துண்டு வெட்டிச் சோதித்தேன். முதல் நாள் 25 டிகிரி தாண்டியும் கட்டை அசையவில்லை. ஐந்தாம் நாள் 12 டிகிரியில் நழுவியது. ஃபிலிமில் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, நாள் மட்டும்தான் கூடியது. அந்த ஐந்தாம் நாள் காலையில் கட்டை நழுவிக் கீழே டக்கென்று விழுந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வீட்டில் சொன்னேன், யாருக்கும் புரியவில்லை, பரவாயில்லை.

அப்புறம் மெலிசு விஷயம். செலவைக் குறைக்க 100 மைக்ரானிலிருந்து 50, 50-இலிருந்து 25 என்று எல்லோரும் மெலிசுக்குப் போகிறார்கள், ஸ்லிப்பின் பிபிஎம்மை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 மைக்ரான் ஃபிலிம் ஒரு சதுர மீட்டர் எடுத்தால் 23 கிராம். 1000 பிபிஎம் என்றால் அதற்குள் இருக்கிற மொத்த அமைடு 23 மில்லிகிராம். 100 மைக்ரானில் அதே சதுர மீட்டருக்கு 92. மூட வேண்டிய பரப்பு இரண்டிலும் ஒன்றுதான், உள்ளே இருக்கிற சேமிப்புதான் நாலில் ஒரு பங்காகிவிடுகிறது. அதனால் மெலிசுக்குப் போகும்போது பிபிஎம் கூட வேண்டும், கனத்துக்குப் போகும்போது குறைய வேண்டும்.

இதையெல்லாம் அக்காவிடம் போய் உட்கார்ந்து சொன்னேன். ரோல் ஒரு வாரம் கழித்துத்தான் தருவேன், அவசரப்படுத்தாதீர்கள் என்றேன். அவர் கேட்டுவிட்டு, "அப்ப மாங்காய வைக்கோல்ல போட்டு வெக்கிற மாதிரிதானே தம்பி?" என்றார். இந்த ஊர்க்காரர், சொல்லியா தர வேண்டும். காயை அன்றைக்கே அறுத்தால் புளிக்கும், ரொம்ப நாள் விட்டால் அழுகும், வெயில் காலத்தில் சீக்கிரம், குளிரில் மெதுவாக. எல்லாமே பொருந்தியது.

இப்போது ஒவ்வொரு ரோலின் அட்டைக் குழாயிலும் ஊதிய தேதியை மார்க்கரால் எழுதி, கதவடைத்த உள் அறையில் அடுக்கி வைக்கிறேன். வெயிலும் படாது, பனியும் படாது. நேற்றும் போன் வந்தது.

"தம்பி, பழுத்துடுச்சா?"

பலகையைத் தூக்கிப் பார்த்தேன். 16.

"இல்லங்கக்கா, இன்னும் ரெண்டு நாள்."